சுவரின் நிறம் யாருக்காக?

வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் நம் மன்றத்துத் தோழர்கள் பலருடைய கால்கள் தாமாகவே தம்பானூரை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். நாகர்கோயிலுக்குச் செல்லும் பேருந்துகள் அங்கேதான் நிற்கும். எதிரே, 1931-இல் திறக்கப்பெற்ற புகைவண்டி நிலையம் தன் கல் மேனியோடு காட்சியளிக்கும். பேருந்து புறப்பட நேரமிருந்து, சட்டைப்பையிலும் சிறிது காசிருந்தால், பக்கத்திலுள்ள இந்தியன் காபி ஹவுசுக்குள் நுழைவோம். நத்தைக் கூட்டைப்போல் வளைந்து வளைந்து மேலேறும் அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தை அறியாத தமிழ் மாணவர் இந்நகரில் இருக்க முடியாது. அங்கே பரிமாறும் தோசையின் மசாலாகூடப் பீட்ரூட் கலந்து சிவந்திருக்கும் என்பதும் நாம் அறிந்ததே!

ஒருநாள் அங்கே என் எதிரில் அமர்ந்திருந்த நண்பன் கேட்டான்: "ஏண்டா, இவ்வளவு பேர் பெற்ற கட்டடம், இதற்கு ஏன் இந்த ஒரே நிறம்? நாலு நிறம் அடித்திருந்தால் எடுப்பாக இருந்திருக்குமே!" அப்போது நான் விடை சொல்லவில்லை. ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடைதேடிச் சென்றபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே உங்கள்முன் வைக்கிறேன்.

"படிக்கிற பிள்ளைக்குச் சுவரின் நிறத்தைப் பற்றி என்ன ஆராய்ச்சி?" என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் ஒவ்வொருவரும் முதற்சம்பளம் வாங்கப் போகிறோம். அந்தச் சம்பளத்தைக் கொண்டு முதலில் செய்யப்போவது என்ன? பெரும்பாலோர் ஊரிலுள்ள பழைய வீட்டைப் புதுப்பிப்போம். "நீ படித்தவன், நீயே சொல்லு" என்று அப்பாவும் அம்மாவும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். வீட்டைக் கட்டிப் பார் என்று பழமொழி சொன்னவர்கள் கட்டி முடித்தபின் வரும் தொல்லையைச் சொல்லவில்லை. கட்டிய வீட்டுக்கு நிறம் தேடிப் பார்த்தால் அல்லவா தெரியும்!

நான் தேடிப் பார்த்தவன். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தம்பானூர்க் காபி ஹவுசை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, தொழுநோயாளர்க்குப் பணி செய்து, மலையாள நாட்டு மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைச் சாரலில் பல்லாண்டு வாழ்ந்து, பின்னர் திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக்கொண்டவர். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-இல் இந்த ஊரிலேயே கண்மூடினார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து கல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அதைத் தம் தொழிலுக்கு நெறியாக ஏற்றுக்கொண்டவர் பேக்கர். உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களும், நகரெங்கும் அவர் கட்டித்தந்த எளிய இல்லங்களும் அந்நெறிக்குச் சான்றுகள்.

பேக்கர் கட்டிய சுவர்கள் பலவற்றில் மேற்பூச்சே இல்லை. செங்கல் செங்கல்லாகவே தெரியும். சூளையில் வெந்த செங்கல் எதுவும் மற்றொன்றைப் போல் இருப்பதில்லை. ஒன்று ஆரஞ்சு கலந்து சிவந்திருக்கும். ஒன்று கருகிக் கபில நிறமாக இருக்கும். ஒன்றில் தீயின் தழும்பு நீலமாய்ப் படிந்திருக்கும். நாம் 'ஒரே நிறம்' என்று எண்ணும் சுவருக்குள் இத்தனை நிறங்கள் இருக்கின்றன! பூச்சு இல்லையென்றால் அதன்மேல் அடிக்க வேண்டிய வண்ணமும் இல்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை அதைப் புதுப்பிக்கும் செலவும் இல்லை. ஏழைக்கு வீடு கட்டித்தர முற்பட்ட ஒருவர் கண்டுகொண்ட கணக்கு இது.

அவர் நிறத்தை வெறுத்தவர் என்று எண்ணிவிட வேண்டா. நாலாஞ்சிறையிலுள்ள தம் சொந்த வீட்டுச் சுவரில் வண்ணக் கண்ணாடிப் புட்டிகளைப் பதித்து வைத்தார். வெயில் அவற்றின் வழியே நுழைந்து பச்சையும் நீலமுமாய் உள்ளே விழும். ஒரு நிறத்தை எங்கும் பரப்பி, மற்றொரு நிறத்தைச் சிறிது தெளித்து, அந்தச் சிறிதுக்குப் பெருமதிப்பு உண்டாக்கினார். நண்பன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். எடுப்பு என்பது நிறங்களின் எண்ணிக்கையில் இல்லை. அவற்றின் அளவில் இருக்கிறது.

இதை ஓர் ஆங்கிலேயர் வந்துதான் நமக்குக் கற்பிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தம்பானூரில் பேருந்து ஏறித் தக்கலைப் பக்கம் இறங்கினால் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரையில் திருவிதாங்கூர் அங்கிருந்துதான் ஆளப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. நிலம் தமிழ்நாடு, சாவி கேரளம்! நம்மைப்போல் இரு நாட்டுக்கும் உரியது அந்த அரண்மனை.

அரசர் வாழ்ந்த இடமாயிற்றே, வண்ணங்கள் வாரி இறைந்து கிடக்கும் என்று எண்ணி உள்ளே போனால் ஏமாந்துபோவோம். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், கரும்பழுப்பு மரம், முகம் தெரியும்படி மெருகேறிய கறுப்புத் தரை, மேலே செம்மண் ஓடு. அவ்வளவே. அந்தத் தரை சுண்ணாம்பும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது என்று சொல்வார்கள். இவற்றுள் ஒன்றாவது கடையில் அட்டையைக் காட்டி வாங்கிய நிறமா? மண்ணும் மரமும் கரியும் சுண்ணாம்பும் தந்த நிறங்கள் அவை. ஆயினும், மேல்மாடியில் ஓர் அறையின் சுவர் முழுதும் ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. கேரளச் சுவரோவியத்துக்கு ஐந்தே நிறங்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. காவியும் மஞ்சளும் மண்ணிலிருந்து வந்தவை, கறுப்பு விளக்குப் புகையிலிருந்து வந்தது, வெள்ளையோ சுவரே! ஓவியன் தொடாமல் விட்ட இடம் வெள்ளையாயிற்று. வீடு முழுவதும் அடக்கம். ஓரிடத்தில் மட்டும் விழா. அரசர்க்கு இருந்த இந்த நிதானம் மூன்று அறை வீடு கட்டும் நமக்கு இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

அளவைப் பற்றிச் சொன்னேன். வீட்டு அலங்காரக் கலைஞர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் நூற்றுக்கு 60 பங்கு ஒரு நிறம், அது சுவர். 30 பங்கு மற்றொன்று. அது தரையும் திரைச்சீலையும் கட்டிலும் அலமாரியும். எஞ்சிய 10 பங்கு கண்ணைக் கவரும் நிறம். அது மெத்தையுறை, படம், பூச்சட்டி போன்ற சிறுபொருள்கள். இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தாய்மார்க்கு இது தெரியாதா? புடவைக்கு உடல், கரை, முந்தானை என்று மூன்று பகுதி வைத்தவர்கள் யார்? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தானையில் மட்டும் ஆடம்பரம் என்று கடையில் நூறு புடவையைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அம்மாவுக்கு 60, 30, 10 என்ற எண்கள்தாம் தெரியாது. பொருள் நன்றாகத் தெரியும்.

இந்த நகரத்திற்குத் தெற்கே சிறிது தொலைவில் பலராமபுரம் இருக்கிறது. பலராமவர்மர் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குலத்து நெசவாளர் அங்கே குடியேற்றப்பட்டனர். அவர்கள் வழிவந்த தறிகளில் நெய்யப்படும் வேட்டியையும் செட்டு முண்டையும் பாருங்கள். சலவை செய்யாத பருத்தியின் இளவெள்ளை. ஓரத்தில் பொன்னிறக் கசவு. இரண்டே நிறம்! ஆனால், ஓணத் திருநாளில் அதைவிட அழகிய உடை இந்நாட்டில் உண்டா? பொன்னிறம் அழகாயிருப்பதற்குக் காரணம், அது சிறிதாயிருப்பதுதான்.

இனி, நிறத்தின் இயல்பைச் சிறிது பார்ப்போம். நிறம் பொருளில் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அது ஒளியிலும் இருக்கிறது, அண்டையிலும் இருக்கிறது. பிரான்சு நாட்டில் செவ்ரல் என்னும் வேதியல் அறிஞர் இருந்தார். 1824-இல் பாரிசிலுள்ள கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதிக்குத் தலைவரானார். கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கித் தெரிகிறது என்று அவரிடம் முறையிட்டார்கள். சாயத்தை ஆராய்ந்தார்; அதில் குற்றமில்லை. கறுப்பு நூலுக்கு அருகே இருந்த நிறங்களே அதை மங்கச் செய்தன என்று கண்டார். ஒரு நிறம் தன் அண்டை நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற விதியை 1839-இல் நூலாக எழுதி வெளியிட்டார். சிவப்பை அடுத்த பச்சை மேலும் பச்சையாகும். பச்சையை அடுத்த சிவப்பு மேலும் சிவக்கும்.

தென்னையும் பலாவும் சூழ்ந்த இந்த ஊரில் செங்கல்லும் ஓடும் ஏன் இவ்வளவு பொலிவாகத் தெரிகின்றன என்பது இப்போது விளங்குகிறதல்லவா? வீட்டைச் சுற்றியுள்ள பச்சை, சுவருக்கு நாம் பூசாத ஒரு வண்ணத்தைப் பூசிக்கொண்டே இருக்கிறது. அதே பச்சை சன்னல் வழியே உள்ளும் புகுந்து வெள்ளைச் சுவரில் படிகிறது. அத்தகைய அறைக்குக் கிளிப்பச்சை அடித்துவிட்டு, உள்ளே இருப்பவர் முகமெல்லாம் வெளுத்துத் தெரிகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

ஒளியின் கதையும் அப்படியே. மேலைநாட்டு அலங்கார நூல்களைப் புரட்டினால், 'வடக்கு நோக்கிய அறை குளிர்ந்தது, வெயில் படாதது. அதற்கு மஞ்சளும் சிவப்புமாகிய வெப்ப நிறங்களைத் தேர்ந்தெடு' என்ற அறிவுரை தவறாமல் இருக்கும். இலண்டனுக்கு அது உண்மை. திருவனந்தபுரமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகலில் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். சூன் மாதத்தில் உச்சிக்கு 15 பாகை வடக்கே சாய்ந்து நிற்கிறான். ஆகவே, நம் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. நம்மைச் சுடுவது மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவர். அங்கே அடர்ந்த நிறம் அடித்தால் அது வெப்பத்தைக் குடித்து இரவெல்லாம் அறைக்குள் உமிழும். பிறநாட்டார் நூலில் உள்ள நிறத்தை இரவல் வாங்குகிறவன், அந்நாட்டுக் கதிரவனையும் சேர்த்து வாங்கி வரவேண்டும்!

இப்போது என் கதையைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்குமுன் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. ஊரில் எங்கள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று பணம் அனுப்பினார். நிறம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிது, தலைக்கனத்துக்குக் குறைவில்லை. வண்ண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆராய்ந்தேன். பழைய சிவப்புத் தரையை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற ஓடு. அதற்குப் பொருத்தமாகச் சுவருக்கும் அடர்ந்த சாம்பல். வாசற்படிக்கும் அதே ஓடு. "எல்லாம் ஒரே இழையில் இருக்க வேண்டும், அதுதான் இன்றைய நாகரிகம்" என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் இடும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னேன். புது ஓட்டில் கறை படியுமாம்!

வேலை முடிந்தது. அட்டையில் விரல் நகமளவு இருந்தபோது மென்மையாகத் தெரிந்த நிறம், நான்கு சுவரில் விரிந்தபோது இருண்டு நின்றது. வந்தவர்கள் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது, கண்ணில் புரை. அந்த வீட்டில் அறுபது ஆண்டுகள் நடந்து பழகியவர்கள். சிவப்புத் தரை முடிந்து மஞ்சள் தெரிந்தால் அங்கே படி என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை நான் அழித்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் விடியற்காலையில் ஆச்சி படியில் தவறி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அருகே நின்ற என்னிடம் குறையாகக்கூட அதைச் சொல்லவில்லை. "படி எங்க இருக்குன்னே கண்ணுக்குத் தெரியல, மக்களே" என்றார்கள். அவ்வளவுதான். பிழைத்துக்கொண்டார்கள், ஆனால், முன்போல் நடை இல்லை. இன்றும் திண்ணைக்கு வரவேண்டுமானால் ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் அம்மா செய்த முதல் வேலை, படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒன்றை இழுத்ததுதான். எவரையும் கேட்கவில்லை, எந்த அட்டையையும் பார்க்கவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது. படிக்கு மஞ்சளும், வாசலுக்குக் கோலமும், சுவரின் அடியில் காவிப் பட்டையும் வைத்த நம் முன்னோர் அழகுக்காகவும் மங்கலத்துக்காகவும் மட்டுமா வைத்தார்கள்? மங்கிய விளக்கொளியில், மங்கிய கண்களுக்கு, இங்கே தரை முடிகிறது, இங்கே சுவர் தொடங்குகிறது என்று அந்த நிறங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. முதியோர் இல்லங்களைக் கட்டுவோர் இன்று படி விளிம்புக்குத் தரையினின்று மாறுபட்ட நிறம் வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். அம்மாவின் மஞ்சள் பூச்சில் அந்த அறிவு முன்பே இருந்தது. நான்தான் அதைக் கழுவித் துடைத்தேன்.

ஆதலால், தோழர்களே, நிறம் தேர்ந்தெடுக்கப் புகும்போது முதற்கேள்வி 'எது அழகு?' என்பது அன்று. 'இங்கே வாழ்பவர் யார்?' என்பதே. கண் மங்கிய முதியவர் உண்டா? தவழும் குழந்தை உண்டா? இரவு கண்விழித்துப் படிக்கும் தங்கை உண்டா? நாளெல்லாம் அடுக்களையில் நிற்கும் தாய் உண்டா? இவர்களைக் கேட்டுவிட்டுப் பிறகு அட்டையைத் திறங்கள். நம் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. தெருவில் போகிறவர் பார்க்கும் முகப்புக்கு மூன்று நிறம். அம்மா வாழும் அடுக்களைக்கு மிச்சப்பட்ட நிறம்! வீட்டிலிருப்பவர் முகத்தைப் பார்க்காமல், அடுத்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அடிக்கும் வண்ணம் எத்தனை விலை கொடுத்தாலும் வண்ணமாகாது.

தவழும் குழந்தை என்றேன். அதைச் சற்று விளக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஈயம் கலந்த நிறமிகளைச் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உதிர்ந்த பூச்சும் தூசியும் குழந்தையின் வாய்க்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே, புதிய டப்பாவை வாங்கும்போது அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழைய சன்னல் கம்பியில் உள்ள பழைய பூச்சைச் சுரண்டும்போது குழந்தைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

இனிச் செய்முறை. இதில் என் அனுபவமும், எங்கள் வீட்டில் வண்ணம் பூசிய தொழிலாளர் கற்றுத்தந்ததும் கலந்திருக்கின்றன. முதலாவது, மாற்ற முடியாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தரை என்ன நிறம்? கதவு என்ன நிறம்? மரச்சாமான்கள் என்ன நிறம்? சுவரின் நிறம் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். தரையை மாற்றுவது பெருஞ்செலவு; சுவரை மாற்றுவது சிறுசெலவு. பழைய சிவப்புத் தரை இருந்தால் அதைப் பெயர்க்காதீர்கள். இளமஞ்சள் கலந்த வெள்ளைச் சுவரோடு அதைப்போல் பொருந்துவது வேறில்லை. புதிதாகப் போடுவதாயினும் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் இருக்கிறது; கண்ணாடித் தட்டின்மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் கல் அது. அத்தகைய தரை போட்டால் சுவர் வாய்மூடி இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே பேசினால் இரண்டும் கேட்கா.

இரண்டாவது, அட்டையை நம்பாதீர்கள். சிறு டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுரப் பலகையிலோ தடித்த அட்டையிலோ இரண்டு பூச்சுப் பூசி, அறையின் ஒவ்வொரு சுவரிலும் சாத்தி வைத்துக் காலையிலும் நண்பகலிலும் இரவிலும் பாருங்கள். இரவு விளக்கும் முக்கியம். மஞ்சள் ஒளி விளக்கின்கீழ் இனிதாகத் தெரியும் இளமஞ்சள், நீலம் பாரித்த வெண்ணொளி விளக்கின்கீழ்ச் சோகை பிடித்தாற்போல் தெரியும். விரும்பிய நிறத்தைவிட ஒருபடி இளநிறத்தை வாங்குவது நல்லது. சுவரில் அது தானே அடர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, பருவமறிந்து பூசுங்கள். இங்கே சூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. நனைந்த சுவருக்கு எத்தனை உயர்ந்த வண்ணம் பூசினாலும் கொப்புளம் கிளம்பும். பாசி கறுத்து வழியும். பாசியைச் சுரண்டிக் கழுவி, ஒழுகும் இடத்தை அடைத்து, நன்கு காயவிட்டு, பட்டி பார்த்து, தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்பிறகே வண்ணம். புதுச் சிமிட்டிப் பூச்சானால் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். நம்மவர் பொங்கலுக்கு முன்பு வெள்ளையடித்தது வெறும் சடங்கா? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காயும் நேரம் அது! சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாய் இறுகும். சுவரின் ஈரத்தையும் வெளியே விடும். அதில் ஒரு சிட்டிகை நீலம் சேர்த்தால் பழுப்பு மறைந்து பளீரென்று வெளுக்கும். விலை குறைந்தது என்பதற்காக அதை இகழ வேண்டா.

நான்காவது, கணக்கிட்டு வாங்குங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, சன்னல் போக ஏறத்தாழ 400. இரண்டு பூச்சுக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் எமல்ஷன் போதும். இதை அறியாமல் வாங்கி மிஞ்சிய டப்பாக்கள் எத்தனை வீட்டுப் பரண்களில் உறைந்து கிடக்கின்றன!

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. "எல்லாரும் வெள்ளையும் செங்கல்லுமாக இருந்துவிட்டால் உலகம் சலித்துப் போகாதா?" என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. இந்நகரிலேயே நேப்பியர் காட்சிச்சாலை இருக்கிறது. சிசோம் என்னும் சென்னைக் கட்டடக் கலைஞர் வகுத்து, 1880-இல் முடிவுற்ற அந்தக் கட்டடத்தில் உள்ளும் புறமும் வண்ணப் பட்டைகள் துள்ளி விளையாடுகின்றன. அதைக் கண்டு மகிழாதவர் யார்? ஆனால், அங்கே நாம் ஒரு மணி நேரம் இருக்கிறோம். வீட்டில் வாழ்நாளெல்லாம் இருக்கிறோம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வன்மையானது. "பூசாத செங்கல் உங்களைப் போன்றோர்க்கு அழகு, பல தலைமுறையாகப் பூச்சில்லாத மண்சுவருக்குள் வாழ்ந்தவனுக்கு அது பழைய வறுமையின் நினைவு. வளைகுடாவில் வியர்வை சிந்திச் சம்பாதித்தவன் தன் வீட்டுக்கு ஊதாவோ கிளிப்பச்சையோ அடித்தால் நகைக்க நீங்கள் யார்?" இக்கேள்வியின் முன் நான் தலைகுனிகிறேன். அவனை நகைக்க எவருக்கும் உரிமையில்லை. வெயிலில் உழைத்தவன் விரும்பிய நிறத்தில் தன் வெற்றியை எழுதுகிறான். நான் கேட்பது ஒன்றே: அந்த நிறம் அவனுடைய விருப்பமா, அல்லது கடைக்காரர் விரித்த அட்டையின் விருப்பமா? அவன் தாய்க்கு அது பிடித்ததா? பிடித்திருந்தால் ஊதாவே அழகு. அந்த வீட்டின் வாசலில் நின்று நானும் வாழ்த்துவேன்.

விடுதியில் வாழும் நமக்குச் சுவரைத் தொட உரிமை இல்லை. வாடகை அறையிலும் ஆணி அடிக்கவே இசைவு கேட்க வேண்டியிருக்கிறது. ஆயினும், பத்துப் பங்கு நம் கையில் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வை, சன்னலுக்கு ஒரு கைத்தறித் துணி, மேசைக்கு மஞ்சள் ஒளி விளக்கு, புட்டியில் ஒரு கொடி. அவ்வளவில் அந்த அறை நம் அறையாகிவிடும். பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடமில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். சுவருக்கு உள்ளே ஆள் இருந்தால்தான் அந்தச் சித்திரத்துக்குப் பொருள் உண்டு என்று நான் சேர்த்துச் சொல்வேன். அடுத்த வெள்ளிக்கிழமை தம்பானூரில் பேருந்துக்காக நிற்கும்போது, அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பிறகு ஊருக்குப் போய், உங்கள் வீட்டு வாசற்படியைக் குனிந்து பாருங்கள். தரைக்கும் படிக்கும் நிறம் வேறாக இல்லாவிட்டால், ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு எடுத்து விளிம்பில் ஒரு கோடு இழுத்துவிட்டு வாருங்கள். ஆச்சியோ தாத்தாவோ உங்களை வாழ்த்துவார்கள். நிறத்தைப் பற்றி நான் கற்ற கல்வி முழுவதும் அந்த ஒரு கோட்டில் அடங்கிவிட்டது.